நாலாம் விரல்

இடது கையால்தான் புரட்ட வேண்டும், வலப்பக்கத் தாளின் மேல்முனையைப் பிடித்து, நிழல் தாளில் விழாமல், வாசிப்பவனின் காதில் தன் மூச்சுப் படாமல், புரட்டி முடித்ததும் எழுந்த சுவடே தெரியாமல் உட்கார்ந்துவிட வேண்டும். தயாபரி இதையெல்லாம் எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள்தான், ஆனால் சொல்லிக் கொடுக்கிற காலத்தில் ஒருநாள் தானே இப்படித் தேவாலய மேடையின் ஓரத்தில், சாய்மானம் இல்லாத கதிரையில், கறுப்புச் சட்டையும் கறுப்புச் சால்வையுமாக, ஹார்ப்சிகோர்ட் வாசிக்கிற தன் பழைய மாணவன் மத்தியாஸின் இடப்பக்கம் உட்கார்ந்து அவனுக்குப் பக்கம் புரட்டுவாள் என்று நினைத்துப் பார்த்ததில்லை. காலையில் அவன் தொலைபேசியில் அழைத்தபோது குரல் தயங்கியது. வருவதாக இருந்த பெண்ணுக்குக் காய்ச்சல், வேறு யாரையும் ஞாயிற்றுக்கிழமையில் பிடிக்க முடியவில்லை, கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது என்றான். அவன் கேட்டு முடிக்கும் முன்னமே அவள் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள், அவ்வளவு அவசரமாகச் சொல்லியிருக்க வேண்டாம், ஒரு விநாடி யோசிப்பதுபோல் காட்டியிருக்கலாம். முன் வரிசையில் வயதான சுவிஸ்காரி ஒருத்தி நிகழ்ச்சித் தாளை மூக்குக் கிட்டப் பிடித்து வாசிக்கிறாள். அதில் தயாபரியின் பேர் இருக்கிறது, இசைத்தாள்களின் பதிப்பாசிரியர், கலாநிதி தயாபரி ஜெயரத்தினம், ஆனால் அந்தப் பேரும் இந்தக் கதிரையில் இருக்கிற ஆளும் ஒன்றென்று அவளுக்குத் தெரியாது. வாசலில் மேலங்கியைக் கழற்றித் தயாபரியின் கையில் கொடுத்து, எங்கே மாட்டுவது என்று கேட்டவள் அவள்தான். தயாபரியும் கொண்டுபோய் மாட்டிவிட்டாள். ஈரக் கம்பளி மணம் இன்னும் விரலில் இருக்கிறது. எழும்பு, புரட்டு, இரு. மத்தியாஸ் நன்றாக வாசிக்கிறான். முதல் உருப்படியிலேயே தெரிகிறது, தோளில் இறுக்கம் இல்லை, மணிக்கட்டு தாழ்ந்திருக்கிறது, விரல்கள் கட்டைகளை விட்டு வெளியே போகவே இல்லை, நாலாம் விரலும் ஐந்தாம் விரலும் கூட.

பியானோவில் சுத்தியல் கம்பியை அடிக்கும், ஹார்ப்சிகோர்ட்டில் ஒரு சின்ன இறகு முள் கம்பியைச் சுண்டிவிட்டுப் போகும், அதனால் எவ்வளவு அழுத்தினாலும் மெல்லத் தொட்டாலும் சத்தம் ஒன்றுதான், கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. அப்பாவுக்கு இதைத் தயாபரி முதல்முறை சொன்னபோது, அப்ப எப்பிடிப் பிள்ளை கவலையான பாட்டையும் சந்தோசமான பாட்டையும் பிரிச்சுக் காட்டுவாய் என்று கேட்டார். நேரத்தாலை அப்பா, நேரத்தைக் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் விட்டு, அதாலைதான் என்றாள். அப்பா அதை நெடுநேரம் யோசித்தார். அவர் தெல்லிப்பழையில் கணக்கு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ச்சில் ஹார்மோனியம் வாசித்தவர். அம்மா செத்த பிறகு ஒரே மகளையும் கூட்டிக்கொண்டு இந்தப் பாசல் நகரத்துக்கு அகதியாக வந்து, ரைன் நதிக்கரையில் ஒரு ரெஸ்ரோரன்ரில் கோப்பை கழுவினார். பள்ளிக்கூடத்தில் பின்னம் பின்னமாகப் படிப்பித்த ஆளுக்கு இங்கே பின்னங்கள் ஹார்ப்சிகோர்ட்டின் சுருதியில்தான் திரும்பக் கிடைத்தன. பழைய காலத்துச் சுருதி இப்போதையது போல இல்லை, பன்னிரண்டு படிகளையும் சமமாகப் பிரிக்க மாட்டார்கள், சில இடங்களை இனிமையாக விட்டு, மிச்சக் கசப்பை எல்லாம் ஒரு மூலையில் ஒதுக்கி வைப்பார்கள். அப்பா ரெஸ்ரோரன்ரின் எண்ணெய் பட்ட பில் துண்டுகளின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார், குசினி மேசையில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இது மிஞ்சும் பிள்ளை, எப்பிடிப் பிரிச்சாலும் கொஞ்சம் மிஞ்சும், கடவுள் கணக்கிலை விட்ட பிழை இது என்று சிரிப்பார். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களால் பென்சிலைப் பிடித்திருப்பார். கொஞ்சம் மிஞ்சும். எழும்பு. தாள் இரண்டாக ஒட்டிக்கொண்டு வருகிறது, நகத்தால் பிரி, ஒன்று போதும், இரு. இல்லை, பிழையொன்றும் நடக்கவில்லை. மத்தியாஸின் கண் அசையவில்லை. இரு.

கலியாண மண்டபங்களில் தமிழ்ச் சனம் கேட்கும், தங்கச்சி என்ன வாசிக்கிறீங்கள், பியானோவோ, சினிமாப் பாட்டு ஏதும் வருமோ. வெள்ளைக்காரப் பத்திரிகைக்காரர் கேட்பார்கள், உங்கள் சொந்த இசையை விட்டுவிட்டு ஏன் எங்கள் பழைய இசைக்கு வந்தீர்கள். இரண்டு கூட்டத்துக்கும் அவளிடம் ஒரே சிரிப்புத்தான் இருந்தது. எது சொந்தம். ஒர்சோலா என்கிற அந்தக் கன்னியாஸ்திரி, வட இத்தாலியில் ஒரு மலையூர் மடத்தில், கம்பியடைப்புக்குப் பின்னால் இருந்து வாசித்தவள், முகத்தை வெளியில் யாரும் பார்க்காதவள், முந்நூற்றைம்பது வருசத்துக்கு முந்திச் செத்துப்போனவள், அவள் சொந்தமாக இருந்தாள். அந்த ஊர்ப் பாதிரியார் வீட்டில் பலிபீடத் துணிகள் வைக்கிற பெட்டியின் அடியில் அவள் எழுதிய இசைத்தாள்கள் கிடந்தன. இரண்டு கோடைகாலம் அங்கேயே தங்கி, கையுறை போட்டுக்கொண்டு, மை ஊறி அழிந்த சுரப்புள்ளிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் படியெடுத்தாள் தயாபரி. பதிப்பு வந்தது, கலாநிதிப் பட்டம் வந்தது, கச்சேரிகள் வந்தன. கென்ற், லைப்சிக், வெனிஸ், ஒரு குளிர்காலம் முழுக்க ரயில்களிலேயே நித்திரை. வகுப்பில் அவளைக் கண்டு பயந்தார்கள். மத்தியாஸ் கூடப் பயந்தவன்தான், தலைமயிரை முகத்தில் விழவிட்டுக்கொண்டு, நான் இந்த இடத்தில் இப்படி உணர்கிறேன் என்பான். நீ உணர்வதைப் பிறகு பார்ப்போம், அவள் என்ன எழுதினாள் என்று முதலில் பார், தாளில் இல்லாததைத் தொடாதே என்பாள் தயாபரி. ஆதாரம் என்ன. எப்போதும் அந்தக் கேள்விதான். எவ்வளவு நிமிர்ந்து நின்று கேட்டிருக்கிறாள். இப்போது நினைக்கக் காது சுடுகிறது, தேவாலயத்தில் வெப்பமூட்டி சரியாக வேலை செய்யவில்லை, எல்லாரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருக்கிறார்கள், அவளுக்கு மட்டும் காது சுடுகிறது.

முதலில் விரல் வழுக்கியது போலத்தான் இருந்தது. வலது கையின் நாலாம் விரல், மோதிர விரல், வேகமாக மேலே ஏறுகிற இடங்களில் ஒரு புள்ளியைத் தொடாமல் விட்டது. களைப்பு என்று நினைத்தாள். பயிற்சி போதாது என்று நினைத்தாள், காலையில் இன்னும் வெள்ளென எழும்பினாள், கூட்டிக்கூட்டி வாசித்தாள். வாசிக்க வாசிக்க அந்த விரல் உள்ளுக்கு மடங்கத் தொடங்கியது, உள்ளங்கையில் யாரோ கூப்பிடுகிற மாதிரி. கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை, வெங்காயம் வெட்டலாம், பொத்தான் போடலாம். கட்டையில் வைத்தால் மடங்கும். நோகவில்லை. அதுதான் விசயம், ஒருநாள் கூட நோகவில்லை. நொந்திருந்தால் பயந்திருப்பாள், பயந்திருந்தால் வைத்தியரிடம் போயிருப்பாள். மிகப் பிந்திப் போனபோது அந்த வைத்தியர் மூளையின் படத்தை வரைந்து காட்டினார், விரல்களுக்கு அங்கே தனித்தனி அறை இருக்கிறதாம், அளவுக்கு மிஞ்சிப் பழக்கினால் அறைகளுக்கு நடுவிலிருக்கிற சுவர் கரைந்துவிடுமாம், ஒரு விரலுக்குச் சொன்னது மற்றதற்குக் கேட்குமாம். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ஓய்வு கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றார். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கச்சேரிகள் அதோடு நின்றன. ஆனால் அதற்கு முன்னம் ஒலிப்பதிவு வந்துவிட்டது, ஒர்சோலாவின் தாள்கள் முழுவதும், மூன்று நாள், இதே போல ஒரு குளிர்ந்த தேவாலயத்தில். புலம்பல் என்று தலைப்பிட்ட அந்த மெதுவான உருப்படியில், மேல்குரல் படிப்படியாக ஏறி உச்சிப் புள்ளியைத் தொடுகிற இடத்தில், நாலாம் விரல் மடங்கிக்கொண்டது. நடுவிரலை அனுப்பித்தான் அந்தப் புள்ளியைப் பிடித்தாள். அதற்கு ஒரு கணம் பிடித்தது. ஒரு மூச்சை இழுத்துப் பிடிக்கிற அளவு. மன்னிக்கவும், திரும்ப வாசிக்கிறேன் என்று அவள் சொல்ல வாயெடுக்கும் முன் பக்க அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் கையை உயர்த்தினார், தொடவேண்டாம், அந்த இடம் அற்புதம், அப்படியே இருக்கட்டும் என்றார். தயாபரி அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள். பத்திரிகைகள் எழுதின, ஜெயரத்தினத்தின் பெருமூச்சு என்று, அந்த ஒரு கணத்தில் மடத்தின் கம்பியடைப்பே கேட்கிறது என்று. பிறகு கென்றில் ஒரு பெண் அப்படி வாசித்தாள். பிறகு லண்டனில் ஒருவன். பிறகு எல்லாரும். போட்டிகளில் அந்த இடத்தில் நிற்காத பிள்ளைகளுக்கு நடுவர்கள் புள்ளி குறைத்தார்கள். ஒர்சோலா எழுதாதது, எந்தத் தாளிலும் இல்லாதது, ஒரு நொண்டி நடந்த நடையைப் பார்த்து ஊரே நொண்டிக்கொண்டு நடக்கிறது. ஆதாரம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அவளிடம் கேட்கத் துணிச்சல் வரவில்லை போலும்.

கேட்டது அப்பா ஒருவர்தான். இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தார், வெளியே பனி கரைந்து கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, அவள் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். அப்பா யன்னலோரக் கதிரையில் இருந்து, தலைக்குப் பெரிதான ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவள் வாசித்த புது இறுவட்டைக் கேட்டார். கேட்டு முடித்து ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, பிள்ளை இஞ்சை வா ஒருக்கா என்றார். ஈரக் கையோடு வந்தாள்.

"இதிலை ஓரிடத்திலை நிண்டுட்டாய், என்ன?"

"எங்கையப்பா?"

"மேலை ஏறேக்கை. ஏறி முடிய முன்னம் நிக்கிறாய். முந்தி வீட்டை வாசிக்கேக்கை நீ இப்பிடி நிக்கிறேல்லை."

"அது அப்பிடித்தான் அப்பா. பெருமூச்சு மாதிரி. எல்லாரும் நல்லாயிருக்கெண்டுதான் எழுதியிருக்கினம்."

"எழுதட்டும். உனக்குக் கை நோகுதோ?"

"நோகேல்லை."

அப்பா அவள் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். கோப்பை கழுவிக் கழுவிப் பழுதாப்போன தன் கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, நோகாட்டி நல்லதுதான் பிள்ளை, நீ போய்ப் புட்டைப் பார் என்றார். அந்தக் கோடை வருவதற்குள் அப்பா போய்விட்டார். நோகேல்லை. அது பொய்யில்லை. நோகவில்லைதானே. எத்தனை தரம் அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டாள், எந்தப் பக்கம் பார்த்தாலும் உண்மைதான், அப்படி உண்மையாக இருக்கும்படிதான் அந்தச் சொல்லைத் தேடி எடுத்திருக்கிறாள். பொய் சொல்லியிருந்தாலாவது அப்பா பிடித்திருப்பார். அவர் கேட்டது கையைத்தானா. அவள் ஏதாவது சொல்லட்டும் என்று வழி திறந்துவிட்டு இருந்தாரா. ஒரு பில் துண்டை எடுத்து, சரி பார்ப்பம் பிள்ளை, அஞ்சு விரலிலை ஒண்டு வேலை செய்யாட்டி மிச்சம் நாலையும் எப்பிடிப் பிரிக்கலாம் என்று கணக்குப் போடத் தொடங்கியிருப்பார். போட்டிருப்பார். கட்டாயம் போட்டிருப்பார். அந்தக் கணக்கை அவருக்குக் கொடுக்கவில்லை. சாகும்வரை அவர் கையில் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

கைதட்டுகிறார்கள். மத்தியாஸ் எழுந்து வணங்கி, திரும்ப உட்கார்ந்து, தாளை விரிக்கிறான். புலம்பல். அவளுடைய பதிப்பு, அவள் தெரிந்தெடுத்த எழுத்து, அட்டையின் கீழே அவளுடைய பேர். இதற்குத்தான் காலையில் அவ்வளவு அவசரமாக வருகிறேன் என்றாளா. தூரத்தில், இருட்டுக்குள், கடைசி வரிசையில் இருந்து எத்தனையோ பேர் வாசிக்கக் கேட்டிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது தலையைக் குனிந்துகொள்வாள். இன்றைக்குக் குனிய முடியாது. அந்த இடம் பக்கத்தின் கடைசி வரியில் இருக்கிறது, தானே அப்படி அமையும்படி பதிப்பித்தாள், பக்கம் புரட்டுகிற எல்லாரும் அந்தப் பெருமூச்சைத்தான் அடையாளமாக வைத்திருக்கிறார்கள், நின்றதும் எழும்பு, உச்சிப் புள்ளி கேட்டதும் புரட்டு. மத்தியாஸின் இடது கை கீழே நடக்கிறது, மெதுவாக, மலையூரின் கல் படிகளில் இறங்குகிற மாதிரி. மேல்குரல் தொடங்குகிறது. எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள் ஒர்சோலா, ஒரு படி ஏறி அரைப் படி இறங்கி, திரும்ப ஏறி. முன் வரிசைச் சுவிஸ்காரி கண்ணை மூடிவிட்டாள். வருகிறது. கடைசி வரி. தயாபரியின் வலது கை மடியில், சால்வைக்கு அடியில், தானாக மடங்குகிறது. இப்போது நிற்பான். இப்போது. அவன் நிற்கவில்லை. உச்சிப் புள்ளி தன் நேரத்துக்கு வந்து, ஒலித்து, அவ்வளவு சாதாரணமாக, ஒரு பிள்ளை அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டது. எழும்பவில்லை. அவள் எழும்பவில்லை. தாள் முடிந்துவிட்டது. மத்தியாஸின் இடது கை ஒரு கணம் கட்டையை விட்டு மின்னல் போல் மேலே போய்ப் பக்கத்தைத் தட்டிவிட்டுக் கீழே வந்தது, கீழ்க்குரலில் ஒரு புள்ளி மட்டும் விடுபட்டது. அவள் பாதி எழும்பி, என்ன செய்வதென்று தெரியாமல், மறுபடி உட்கார்ந்தாள். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் காதில் அந்த உச்சிப் புள்ளி மட்டும் நின்றது. இதுதானா அது. கோடைகாலத்தில் பாதிரியார் வீட்டு மேசையில் முதன்முதல் படியெடுத்தபோது மனதுக்குள் கேட்டது இதைத்தானே. எப்படி மறந்துபோனாள்.

இடைவேளையின்போது, மேடைக்குப் பின்னாலுள்ள அறையில் யாரும் இல்லை. ஒரு மேசை, தண்ணீர்ப் போத்தல், சுவரில் பாடகர்குழுவின் அங்கிகள். மத்தியாஸ் கதவைச் சாத்திவிட்டு அவள் முன்னால் நின்றான், நெற்றியில் வியர்வை, நரைக்கத் தொடங்கிய தலைமயிர், பழைய மாணவனின் அதே பயம்.

"பக்கத்தை விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்" என்றாள் தயாபரி.

"இல்லை, பிழை என்னுடையது. முன்பே சொல்லியிருக்க வேண்டும், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. புதுப் பதிப்புக்காக மூலத் தாள்களின் படங்களைத் திரும்பப் பார்த்தேன். அந்தத் தாமதம் அங்கே எங்கேயும் இல்லை. நீங்கள்தானே எப்போதும் சொல்வீர்கள், தாளில் இல்லாததைத் தொடாதே என்று." அவன் நிறுத்தினான். "ஆனால் நீங்கள் காரணம் இல்லாமல் செய்திருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியாத ஏதாவது ஆதாரம் இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், அடுத்த வாரம் வியன்னாவில் அந்தத் தாமதத்தைத் திரும்பச் சேர்த்துவிடுகிறேன்."

சொல்லலாம். அந்தக் காலத்து இசைநூல்கள் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும், ஏறுமுகத்தில் மூச்சுப்போல் நிற்கலாம் என்று பொருள்படும்படியான ஒரு வரியை எங்கிருந்தாவது எடுத்துக் கொடுத்தால் போதும், இவன் நம்புவான், இவனைப் பார்த்து மற்றவர்கள் நம்புவார்கள், அவள் செத்த பிறகும் ஒவ்வொரு கச்சேரியிலும் அந்த ஒரு கணம் அவளுடையதாக இருந்துகொண்டிருக்கும். கையில் மிச்சமாக இருந்தது அது ஒன்றுதான். அதை இவன் இன்றைக்கு எடுத்துவிட்டான், நேர்மையாக, அவள் சொல்லிக் கொடுத்தபடியே. தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். வாயில் வைக்காமல் திரும்ப வைத்தாள்.

"ஆதாரம் ஒன்றும் இல்லை. என் விரல் வரவில்லை."

"எந்த விரல்?"

"நாலாம் விரல். மடங்கிக்கொண்டது. நடுவிரலை அனுப்பினேன். அதற்குப் பிடித்த நேரம்தான் அது."

மத்தியாஸ் மேசை விளிம்பில் மெல்ல உட்கார்ந்தான். "அந்தத் தாமதத்தை நீங்கள் வாசித்த மாதிரியே வாசிக்க எனக்கு மூன்று குளிர்காலம் பிடித்தது" என்றான். "கூடிவிடும், இல்லாவிட்டால் குறைந்துவிடும். சரியாக வந்த அன்று நான் அழுதேன்."

தயாபரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, சுவரில் தொங்கிய அங்கிகளைப் பார்த்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"புதுப் பதிப்பில் அந்த இடத்தைப் பற்றி என்ன எழுதுவது?" என்று கேட்டான்.

"எனக்கு விரல் வரவில்லை என்று எழுது. பேரைப் போட்டு எழுது."

"இவ்வளவு காலமாக யாரும் கேட்கவில்லையா உங்களிடம்?"

"ஒருவர் கேட்டார்."

அவன் காத்திருந்தான். வெளியே மணி அடித்தார்கள், சனம் திரும்ப வந்து கதிரைகளில் உட்காருகிற சத்தம் கேட்டது. அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்து, அவள் முன்னே போகட்டும் என்று ஒதுங்கி நின்றான். தயாபரி போகவில்லை. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை சொல்லி முடிக்க. ஜேர்மன் மொழியில், தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு காலத்தில் தனக்குப் பயந்த பிள்ளையிடம், இவ்வளவு சுளுவாக. அப்பாவிடமும் அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. விரல் வரேல்லை அப்பா. ஈரக் கையைத் துடைத்துவிட்டு அவர் பக்கத்தில் இருந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன செய்திருப்பார் அவர், கையைக் கொண்டா பிள்ளை பாப்பம் என்றிருப்பார், வேறென்ன.

"வருகிறீர்களா?" என்றான் மத்தியாஸ்.

"ஓம்" என்றாள், தமிழில். பிறகு போய், அவன் இடப்பக்கம் உட்கார்ந்தாள்.